ஆசிரியரின்றி உபரி

தலைமையாசிரியர் இருளப்பசாமிக்கு ராஜரத்தினத்தின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகப் பழக்கம். நாலு வருடமாகப் பள்ளிக்கூட நாள் தவறாமல், காலையிலும் மாலையிலும் அந்த முதுகுக்குப் பின்னால்தான் அவர் உட்கார்ந்து போய் வருகிறார். பின்கழுத்தில் எந்தப் பக்கம் நரை கூடுதல், எந்தச் சட்டையில் தோள் தையல் பிரிந்து மறுபடி தைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முகத்தைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

ராஜரத்தினம் பொருளாதாரப் பாட ஆசிரியர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பள்ளிக்கூடமோ ராஜபாளையத்தையும் தாண்டி, சேத்தூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முக்கில் டிபன் பையோடு நிற்கிற தலைமையாசிரியரை ஏற்றிக்கொள்வார். இருளப்பசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளோடு நின்றுபோன ஆள். பஸ்ஸில் போகலாம்தான், அந்த ஊருக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் பஸ்ஸில் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?

பேச்சுத் துணை என்றதும் இரண்டு பேரும் உலக விஷயம் அலசிக்கொண்டு போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் இருக்கிறவர் தலையில் ஹெல்மெட். காற்று வேறு. இவர் பின்னாலிருந்து, "இந்த வருசம் மாம்பூ கம்மி போலருக்கே" என்பார். "என்ன சார்?" என்று அவர் கத்துவார். "ஒண்ணுமில்ல" என்று இவர் விட்டுவிடுவார். பாதிப் பேச்சு இப்படித்தான் காற்றோடு போகும். மீதிப் பாதியை நம்பித்தான் இருளப்பசாமியின் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஆள் இல்லை. மனைவி அழகுத்தாய், மகள் பிரசவத்துக்கென்று பெங்களூருக்குப் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பேரன் இப்போது எல்கேஜி போகிறான், அவள் இன்னும் வந்தபாடில்லை. மகளும் மருமகனும் கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கிறவர்கள். பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். சாயங்காலம் போன் வரும். "சாப்டீங்களா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பார். அதற்குமேல் கேட்க அவளுக்கு நேரம் இருக்காது, சொல்ல இவருக்கு விஷயம் இருக்காது.

பள்ளிக்கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் தலைமையாசிரியர் என்கிற நாற்காலி ஒரு தினுசானது. ஆசிரியர்கள் அறைக்குள் அவர் காலை வைத்தால் பேச்சு நின்றுபோகும். நிலக்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் பொட்டலத்தை மேஜைக்கடியில் தள்ளுவார்கள். அவரைப் பார்க்க வருகிறவர்கள் லீவு கேட்க வருவார்கள், இல்லாவிட்டால் லீவு போட்டவர் வகுப்பை ஏன் தனக்கே தள்ளுகிறீர்கள் என்று சண்டை போட வருவார்கள். அந்த வண்டியின் பின்சீட்டில் மட்டும்தான் அவர் வெறும் இருளப்பசாமியாக இருந்தார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் முன்னால் இருப்பவர் இடுப்பில் கை வைத்துக்கொள்வார். சட்டைக்கடியில் கெட்டியாக ஒரு பெல்ட் தட்டுப்படும். "தொப்பைய இறுக்கிக் கட்டுனா மட்டும் கொறஞ்சிருமா சார்" என்று ஒருநாள் கேலி செய்தார். ராஜரத்தினம் சிரித்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கிளார்க் தவசிமுத்துதான் அந்தக் குண்டைப் போட்டார்.

"சார், எகனாமிக்ஸ் போயிரும்போல இருக்கே."

"எங்க போவுது?"

"காமர்ஸ் குரூப்புல ஆளே சேரலையே சார். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தலையெண்ணும்போது இம்புட்டுப் பேருதான் இருந்தாகன்னா, ராஜரத்தினம் சாரு உபரியாயிருவாரு. வேற ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டுருவாக."

பள்ளிக்கூட உபரியில் இரண்டு வகை உண்டு. ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள் போதவில்லை என்றால் ஆசிரியருடன் உபரி. ஆளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பணியிடம் இருக்கிறது, ஆளும் இல்லை, பிள்ளைகளும் போதவில்லை என்றால் ஆசிரியரின்றி உபரி. அப்போது அந்த இடத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். ஆள் குடியில்லாத வீட்டைப் பூட்டிச் சாவியை உடைமைக்காரரிடம் கொடுத்துவிடுகிற மாதிரிதான். பிறகு நமக்கு அந்த வீடு வேண்டுமென்றால் நடையாய் நடக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் மூன்று வருடம் ஆகிவிட்டது. இருந்தவர் கலந்தாய்வில் திருநெல்வேலிப் பக்கம் போனார், அந்த நாற்காலிக்கு அதன்பின் யாரும் வரவில்லை. வேதியியல் டீச்சர் பானுப்பிரியா தன் பாடம் போக, இயற்பியலிலும் தனக்குப் புரிந்த மட்டுக்கு நடத்துவார். புரியாத இடத்தில் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஒரு மனுஷி எத்தனை பக்கம்தான் ஓடுவாள். இப்படி இருந்தும் கிராமத்துப் பிள்ளைகள் அறிவியல் குரூப்பையே கேட்டு வந்தார்கள்.

சனிக்கிழமைகளில் இருளப்பசாமி ஊர் ஊராகப் போனார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்து ஏறி இறங்கினார். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளை பிடிக்கப் போவது ஒன்றும் புதிதில்லை, எல்லா வருடமும் நடக்கிறதுதான். ஆனால் தனியார் பள்ளி வேன்கள் அவருக்கு முன்னாலேயே எல்லாத் தெருவிலும் புகுந்து போயிருந்தன. புதிதாக ஒரு தலையும் அகப்படவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வெளியில் ஏன் தேட வேண்டும்? கையில்தான் அறிவியல் குரூப் கேட்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்களே.

ஒவ்வொருவராக அப்பா அம்மாவோடு கூப்பிட்டார். நாகஜோதி என்ற பெண் தன் அம்மா முத்தாத்தாளோடு வந்தாள். முத்தாத்தாள் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் சார்" என்று நின்றுகொண்டாள்.

"சயின்ஸ் குரூப்பு எதுக்குத் தாயி கேக்க?" என்றார் இருளப்பசாமி.

"ஷெரின் அக்கா அதுதான் படிச்சாங்க சார்" என்றாள் நாகஜோதி. "எங்க தெருதான். இந்த ஸ்கூல்தான். இப்ப பிசிக்ஸ் டீச்சருக்குப் பரீட்சை எழுதிப் பாஸாயிட்டாங்க."

"நல்ல விசயம். ஆனா அவ படிக்கும்போது பிசிக்ஸுக்கு வாத்தியார் இருந்தாரு. இப்ப இல்ல. ரெண்டு வருசம் வாத்தியார் இல்லாமப் படிச்சு, பரீட்சையில கோட்டை விட்டுட்டு நிக்கப் போறியா? காமர்ஸுன்னா ராஜரத்தினம் சார் இருக்காரு. தங்கமான வாத்தியார்."

"ஷெரின் அக்காவ நம்ம ஸ்கூலுக்கே போட்டாலும் போடுவாங்க சார்."

"எங்க போடுவாகன்னு ஆருக்குத் தெரியும். அத நம்பிப் படிக்க முடியுமா?"

நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள். முத்தாத்தாள், "சாரு சொன்னா சரியாத்தானே இருக்கும். எங்களுக்கு என்ன தெரியும்" என்றாள். அதோடு முடிந்தது. வேறு சில பிள்ளைகளுக்கும் இதே மாதிரிதான் முடிந்தது.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. எதற்காகச் சொன்னார் என்பதில்தான் கோளாறு. அதை அவர் மனசு அறியும். ஆனால் ஆளே இல்லாத நாற்காலிக்காக ஆள் இருக்கிற நாற்காலியை விடுவதா என்று அந்த மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லி வைத்திருந்தார். தன் பின்சீட்டைப் பற்றி அந்தச் சமாதானத்தில் அவர் சேர்க்கவில்லை.

தலையெண்ணிக்கை முடிந்து சில வாரத்தில் உத்தரவு வந்தது. பொருளாதாரம் தப்பித்தது. அறிவியல் குரூப் மெலிந்துபோனதால் இயற்பியல் பணியிடம் ஆசிரியரின்றி உபரி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது இருளப்பசாமிக்கு ஒரே குஷி. தான் செய்த வேலையை ராஜரத்தினத்திடம் உடனே சொல்லிவிடவில்லை. நல்ல சமயமாகப் பார்த்துச் சொல்லலாம், கேட்டால் மனுஷன் எத்தனை சந்தோஷப்படுவார் என்று மிட்டாயை மறைத்து வைத்திருக்கிற பிள்ளை மாதிரி உள்ளுக்குள் வைத்துக்கொண்டார். சின்னதாக ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

"என்ன சார்?" என்றார் ராஜரத்தினம்.

"ஒண்ணுமில்ல."

மழைக்காலத்தில் ஒருநாள் ஷெரின் வந்தாள். கையில் ஸ்வீட் பாக்ஸ். படித்த பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

"வேலை கிடைச்சிருச்சு சார். கிருஷ்ணகிரிப் பக்கம்."

"அம்புட்டுத் தூரமா?" என்றார் இருளப்பசாமி.

"ஆமா சார். கவுன்சிலிங்ல நம்ம ஸ்கூலத்தான் மொதல்ல தேடுனேன். ரேங்க் நல்ல ரேங்க், கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. போன வருசம் வரைக்கும் காலியிடம்னு இருந்துச்சாம். இந்த வருசம் ஸ்கிரீன்ல பேரே வரல. இங்க கிடைச்சிருந்தா வீட்டுலருந்தே நடந்து வந்திருப்பேன்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அம்மா ஒருத்திதான் சார் வீட்டுல. அவங்களத் தனியா விட்டுட்டுப் போறதுதான் ஒரு மாதிரியா இருக்கு. சரி, என்ன செய்ய."

இருளப்பசாமி ஸ்வீட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நல்லா இரும்மா என்று எப்படியோ சொல்லி அனுப்பினார். அவள் வராந்தாவில் நாகஜோதியோடு நின்று செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஷெரின் போன பிறகு நாகஜோதி தயங்கித் தயங்கி அறை வாசலுக்கு வந்தாள்.

"சார், பிசிக்ஸ் போஸ்ட எடுத்துட்டாங்களாமே."

"ஆமா. கவர்மென்ட் எடுத்துக்கிட்டாக."

"ஏன் சார்?"

"சயின்ஸ் குரூப்புல ஆள் கம்மி."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க மாறுனதாலயா சார்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் விடை சரிதானா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இருளப்பசாமி மேஜைமேல் கிடந்த பேப்பரை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். "பெல் அடிக்கப் போகுது. கிளாஸுக்குப் போ" என்றார். அவள் போய்விட்டாள். தனக்கு முன்னால் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விரட்டியது அவருக்கு அது முதல் தடவை இல்லை. ஆனால் அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு அவரால் தனியாக உட்கார முடியவில்லை. செய்தது வீண் போகவில்லை, ஒரு நல்லதாவது நடந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை போலிருந்தது. யார் சொல்வார்கள்? ராஜரத்தினம் சொல்வார்.

சாயங்காலம் சேத்தூர் வந்ததும் அவர் தோளைத் தட்டி, "டீ குடிச்சிட்டுப் போவோம் சார்" என்றார். கடை வாசலில் வண்டி நின்றது. மேற்கே அய்யனார் கோவில் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கையில் கிளாஸை வைத்துக்கொண்டு இருளப்பசாமி எல்லாவற்றையும் சொன்னார். தவசிமுத்து சொன்னது, ஊர் ஊராக அலைந்தது, பிள்ளைகளைக் கூப்பிட்டு மாற்றியது, கடைசியில் இடம் தப்பியது. ஷெரினைப் பற்றியும் சொன்னார். "அந்தப் பிள்ளைய நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் உங்களக் காப்பாத்தியாச்சுல்லா" என்று முடித்தார்.

ராஜரத்தினம் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். டீ பாதிதான் குடித்திருந்தார்.

"நீங்களா சார் செஞ்சீங்க?" என்றார். "நான் ஏதோ இந்த வருசம் தானா ஆள் கூடிருச்சுன்னுல்லா நெனச்சேன்."

"தானா எப்படிக் கூடும்?"

ராஜரத்தினம் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பொறுமையான மனுஷன். பிள்ளைகளிடமே சத்தம் போட்டுப் பேசாதவர். பிறகு சட்டை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட்.

"இது தொப்பைக்கு இல்ல சார். டிஸ்க் வெலகிருக்கு. வண்டியத் தொடவே கூடாதுன்னு டாக்டர் போன வருசமே சொல்லிட்டாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டுலருந்து நடந்து போற தூரத்துல ஒரு ஸ்கூல் இருக்கு. அங்க எகனாமிக்ஸுக்கு ஆள் இல்ல. நான் உபரின்னு வந்துட்டேன்னா, இடம் எடுக்க மொதல்ல என்னையத்தான் கூப்பிடுவாக. அதத்தான் சார் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் இருளப்பசாமி.

"எப்படிச் சொல்ல? போறேன்னு சொன்னா உங்க மொகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்லா. தானா நடந்தா நடக்கட்டும்னு இருந்தேன்."

"அட, பஸ்லயாவது வந்திருக்கலாமே. வலியோட எதுக்கு வண்டி?"

ராஜரத்தினம் அவரைப் பார்த்தார். "நான் பஸ்ல வந்துட்டா, நீங்க டிபன் பையத் தூக்கிக்கிட்டு முக்குல நிப்பீங்களே சார்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் இருளப்பசாமிக்கு அது பொறுக்கவில்லை. தான் இங்கேயே இறங்கிக்கொள்வதாகவும், பஸ்ஸில் வருவதாகவும் சொன்னார். "ஏறுங்க சார். மழை வருது" என்று ராஜரத்தினம் விடவில்லை. இருளப்பசாமி ஏறி உட்கார்ந்தார். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீடு பிரேக்கர் வரும் முன்னாலேயே எதிரில் இருந்த தோள்கள் இறுகின. அது எப்போதும் இறுகும், தினமும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜாக்கிரதையாக ஓட்டுகிற மனுஷன் என்று நினைத்திருந்தார். அந்த முதுகில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றல்லவா இருந்தார்.

மறுநாள் அவர் முக்கில் நிற்கவில்லை. ராஜரத்தினத்துக்குப் போன் செய்து, "இனிமே நீங்களும் பஸ்லயே வாங்க. லேட்டானாப் பரவாயில்ல, மொத பீரியட்ட மாத்திப் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் கிளம்புகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார். அடுத்த பஸ்ஸில் போனால் ராஜரத்தினத்தோடு சேர்ந்தே உட்கார்ந்து போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க இவருக்குத் தெம்பு இல்லை.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுப் பேசினார். உபரிக்கு இனி அடுத்த வருடம்தான் வழி. ஆனால் மாற்றுப் பணி என்று ஒன்று இருக்கிறது. பெயரும் சம்பளமும் இந்தப் பள்ளியில், வேலை அந்தப் பள்ளியில். அனுப்புகிற தலைமையாசிரியர் சம்மதித்தால் மேலே கையெழுத்தாகும். அந்தப் பக்கத்துக்காரர் நம்பவில்லை. "அவனவன் இருக்குற ஆளப் பூட்டி வைக்கான். தானா முன்வந்து ஆள் தாரேங்கிற எச்.எம்.ம இப்பத்தான் சார் பாக்கேன்" என்றார்.

சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடும் முன் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். ராஜரத்தினத்தை அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார்? ராஜரத்தினம் சார் இருக்கிறார் என்று சொல்லித்தானே இழுத்து வந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பிள்ளைகள் தலைமேல்தான் இடிந்தது. பதிலுக்கு ஆள் கேட்டு எழுதினால், உங்கள் பள்ளியில் பொருளாதாரத்துக்கு ஆள் இருப்பதாகத்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறார், பேரளவில். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார். வலியோடு ஒரு மனுஷனைத் தனக்காக வண்டி ஓட்டச் சொல்ல அவரால் இனி முடியாது. வகுப்பைத் தானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அவர் படித்தது வரலாறு. பொருளாதாரத்தைக் கல்லூரிக்குப் பிறகு கையால் தொட்டதில்லை.

உத்தரவு வந்ததும் ராஜரத்தினம் அறைக்கு வந்தார். பிரிவு உபசாரம் என்று ஒன்றும் நடக்கவில்லை. பெயர் இங்கேயே இருக்கிறவருக்கு மாலை எப்படிப் போடுவது? ஆசிரியர்களுக்கே அது குழப்பமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். இருளப்பசாமியின் மேஜை எதிரே அவர் நின்றார். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி இரண்டு பேருக்கும் பழக்கம் இல்லை.

"வாரேன் சார். பேரு இங்கதான இருக்கு" என்றார் ராஜரத்தினம்.

"இடுப்பப் பாத்துக்கோங்க" என்றார் இருளப்பசாமி.

அவர் போய்விட்டார். நல்ல மனுஷன், போன பிறகு இரண்டு தடவை போன் செய்தார். நடந்தே பள்ளிக்குப் போய் வருவதாகவும், வலி குறைந்திருப்பதாகவும் சொன்னார். போனில் குரல் தெளிவாகக் கேட்டது. தெளிவாகக் கேட்டதனாலோ என்னவோ, இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை.

பொருளாதார வகுப்புக்கு இருளப்பசாமி முதல்நாள் போனபோது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எச்.எம். ஏதோ திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் நாகஜோதி இருந்தாள்.

"நீங்க எகனாமிக்ஸா சார்?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. ஹிஸ்டரி."

"அப்ப எகனாமிக்ஸுக்கும் இனிமே ஆள் இல்லையா சார்?"

"இல்ல" என்றார். வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டது. "அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டியே, நீங்க மாறுனதாலயான்னு. ஆமா. நான் மாத்துனதால. உங்களுக்காக மாத்தல, எனக்காகத்தான் மாத்துனேன்."

நாகஜோதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், அல்லது ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். சொல்லியிருந்தால் அவருக்குக்கூட நல்லதாக இருந்திருக்கும். அவள் குனிந்து புத்தகத்தை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் சார்?" என்றாள்.

அன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவர் மடியில் பதினோராம் வகுப்புப் பொருளாதாரப் புத்தகம் இருந்தது. நாளைய பாடத்தை இன்றைக்குப் படித்தாக வேண்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி நடத்துவதில்லை என்று மனசுக்குள் உறுதி எடுத்திருந்ததனால், தெரியாத இடங்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து தேவைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். விலை ஏற ஏற வாங்குவது குறையும் என்று கோடு கீழே சரிகிறது. சரி. ஆனால் விலை ஏறினாலும் ஜனங்கள் விடாமல் வாங்குகிற பொருளுக்கு இந்தக் கோட்டை எப்படிப் போடுவது? நாகஜோதி நிச்சயம் இதைக் கேட்பாள். பஸ் சேத்தூரைத் தாண்டி உள்ளே திரும்பியது. காற்று முகத்தில் அடித்தது. எதிரில் ஒரு வெள்ளைச் சட்டை முதுகு, பின்கழுத்தில் இடது பக்கம் கொஞ்சம் நரை.

"ஏன் சார், வெல ஏறுனாலும் வாங்கத்தான செய்வாக?" என்றார் இருளப்பசாமி.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். முன்பின் பார்த்திராத முகம்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல" என்றார் இருளப்பசாமி.

அந்த ஆள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. இருளப்பசாமி புத்தகத்தை மூடி டிபன் பைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் அந்த முதுகும் இறங்கிப்போனது.